அழித்த வழிக்குப் புள்ளி இல்லை

சென்ற மாதம் கொட்டகலைக் கடைவீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது, உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் மெல்லிய அச்சுப் புத்தகம் ஒன்று. பரீட்சையின் புள்ளித் திட்டமாம். எந்த வரிக்கு எத்தனை புள்ளி, எதை எழுதாமல் விட்டால் எத்தனை போகும் என்று சகலமும் அதில் போட்டிருந்தது.

“கடையிலயே விக்கிறாங்க சேர். பிள்ளைங்க இத பாடமாக்கிட்டுப் போயி எழுதுறாங்க. ஒங்க காலத்துல இப்பிடி ஏதாச்சும் இருந்திச்சா?”

“இருந்திச்சி. பெட்டிக்குள்ள, பூட்டுக்குள்ள இருந்திச்சி,” என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.  அந்தக் கதையை ஒருநாள் எழுதுங்களேன் என்று அவர் கேட்டதற்காக எழுதுகிறேன். இனிப்பாக இருக்காது. இனிப்பு வேண்டுமானால் அதே கடைவீதியில் நல்ல மிட்டாய்க் கடை இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளட்டும்.

நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனல்ல. ஹட்டனில் என் அப்பா தையல் கடை வைத்திருந்தார். துரைமாரின் காற்சட்டையும் கங்காணிமாரின் கோட்டும் தைத்து என்னை எச்.எஸ்.சி. வரை படிக்க வைத்தார். அதற்கு மேல் முடியவில்லை. கொட்டகலையில் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியராகச் சேர்ந்து, தபாலில் பாடம் எடுத்துப் படித்து, ஒரு லண்டன் பட்டமும் வாங்கினேன். அந்த வருடங்களில் பட்ட பாட்டை எழுதப் போவதில்லை. எல்லா ஆசிரியர்களும் பட்ட பாடுதான் அது.

அறுபதுகளின் தொடக்கத்தில்தான் எனக்கு அந்த அழைப்பு வந்தது. பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையின் தூய கணித விடைத்தாள்கள். அந்தத் தாளில் பாதிக்கு மேல் நுண்கணிதம். எல்லாம் அப்போது ஆங்கிலத்தில்தான். இன்று வகையிடல், தொகையிடல் என்று அழகாகத் தமிழில் சொல்லுகிறோம். பிரதம பரீட்சகருக்குக் கொழும்பு வெக்கை ஒத்துக்கொள்ளாது. ஆகவே விடைத்தாள்களில் ஒரு பங்கை நுவரெலியாவில், விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பாடசாலை மண்டபத்தில் வைத்துத் திருத்தினார்கள். என்னைப் பரீட்சகராகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி அப்பா புதுக் கோட்டு ஒன்றே தைத்துத் தந்தார். போட்டுக்கொண்டு போய் நின்றால், எனக்குக் கொடுத்தது கூட்டல் வேலை.

அதாவது, பரீட்சகர் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில் புள்ளி போடுவார். நாங்கள் இரண்டு மூன்று பேர் அதைக் கூட்டி முன்பக்கத்தில் எழுத வேண்டும். ஒருவர் கூட்டியதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். எங்களுக்கு நீலப் பென்சில். சிவப்பைத் தொடக்கூடாது, விடையை வாசிக்கவும் கூடாது. பட்டம் வாங்கியவனுக்கு இரண்டும் மூன்றும் ஐந்து என்று எழுதுகிற உத்தியோகம்.

பிரதம பரீட்சகர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், கழுத்தில் எப்போதும் கம்பளி மப்ளர். காலையில் வந்ததும் சிவப்புப் பென்சில்களை எல்லாம் தானே பிளேடால் சீவி, ஒரே நீளத்தில் அடுக்கிவைத்து, ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். ஒருநாளும் சத்தம் போட்டவரல்ல. என் பட்டத்தைப் பற்றி நான் வாய் திறந்தபோது, “நீர் இன்னும் இளம் ஆள். கூட்டிப் பழகும், மற்றதைப் பிறகு பாப்பம்,” என்றார். அவ்வளவுதான்.

ஆனால் மனிதர் நேர்மையில் நெருப்பு. ஒருநாள் ஒரு பரீட்சகரின் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து நின்றார். “மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மடை கை கொஞ்சம் இளகுது,” என்றார். உண்மைதான். வயிறு நிறைந்த பிறகு திருத்திய தாள்களுக்கு அந்தப் பரீட்சகர் தாராளமாகப் போட்டிருந்தார். அந்தக் கட்டு முழுவதையும் மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு திருத்த வைத்தார். எனக்கு அன்று அவர்மேல் பெரிய மரியாதை உண்டானது. அந்த மரியாதை இன்றும் போகவில்லை, அதுதான் என் தொந்தரவு.

வாசிக்கக்கூடாது என்றால் கண் வாசிக்காமல் இருக்குமா? அந்த விடுமுறையில்தான் புள்ளி எப்படி விழுகிறது என்பதைப் பார்த்தேன். கடைசி விடைக்குக் கிடைப்பதுதான் ஆகக் குறைந்த புள்ளி. கேள்வியைச் சமன்பாடாக்கியதற்குப் புள்ளி, வகையிட்டதற்குப் புள்ளி, பூச்சியத்துக்குச் சமப்படுத்தியதற்குப் புள்ளி, கிடைத்தது உயர்வா இழிவா என்று காட்டியதற்குத் தனியாகப் புள்ளி. தொகையிட்ட பிறகு மாறிலியைப் போடாமல் விட்டால் ஒன்று போகும். நடுவில் கூட்டலில் பிழைத்தாலும், பிழைத்ததை வைத்துக்கொண்டு மிச்ச வழியை ஒழுங்காகச் செய்திருந்தால் மிச்சப் புள்ளி வரும். மலைநாட்டுப் பிள்ளைகள் ஏன் விடை சரியாக வந்தும் கோட்டை விடுகிறார்கள் என்பது அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த வருடத்துத் திட்டத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன், சொல்லவுமில்லை. வழியைக் காட்டு என்று சொல்வதற்கு எவனுடைய அனுமதி வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் பிலோமினா டீச்சர் என்னிடம் வந்தார். கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாடசாலையில் அவர் ஒருவர்தான் ஆசிரியை. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு. அப்பாவுக்கு, ஸ்டோரு என்று அவர்கள் சொல்லுகிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா ஞானம்மா கொழுந்து பறிப்பவர். கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் கன்னியாஸ்திரீகள் பிலோமினாவை மடத்துப் பாடசாலையில் எஸ்.எஸ்.சி. வரை படிக்க வைத்திருந்தார்கள். அதற்கு மேல் அங்கே பெண்பிள்ளைகளுக்குத் தூய கணிதம் இல்லை. தையல் இருந்தது. டீச்சரோ ஒரு பழைய கணிதப் புத்தகத்தை வைத்துத் தானாகவே பாதி படித்து முடித்திருந்தார். பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பித்து எழுத வேண்டும், பாஸ் பண்ணினால் பல்கலைக்கழகம், விஞ்ஞானம். தவறினால் அதே மண்டபம், அதே ஐந்து வகுப்பு.

எனக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. டீச்சருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று ஞானம்மாவே மகளோடு கூட வந்தார். சனிக்கிழமைகளில் அரைநாள் கொழுந்து பறித்துவிட்டு நேரே வருவார். என் வகுப்பறையின் கடைசி வாங்குப் பலகையில் உட்காருவார், உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார்.

முதல்நாள் ஒரு கணக்குக் கொடுத்தேன். டீச்சர் பையிலிருந்து சிலேட்டை எடுத்தார். விறுவிறுவென்று எழுதினார். பிறகு ஒரு கடதாசியில் ஒரே ஒரு வரி எழுதி நீட்டினார். விடை சரி.

“வழி எங்க டீச்சர்?”

“அழிச்சிட்டேன் மாஸ்டர்.”

“ஏன் அழிச்சீங்க?”

“வெட வந்திருச்சே!”

நான் தலையில் கை வைத்தேன். தோட்டத்துப் பாடசாலையில் கடதாசி ஏது? பிள்ளை சிலேட்டில் எழுதும், ஆசிரியர் விடையைப் பார்ப்பார், சரி என்பார், பிள்ளை எச்சில் தொட்டு அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகும். ஐந்து வகுப்பு காத்துக்கொண்டிருக்கும்போது யார் வழியைப் பார்ப்பது? அப்படிப் படித்து, அப்படியே படிப்பித்துக்கொண்டும் இருந்தார். விடைக்குக் கிடைப்பது கொசுறு, வழிக்குத்தான் புள்ளி என்று நான் விளக்கியபோது அவர் நம்பவில்லை.

“அப்ப வெட தப்பா வந்தாலும் புள்ளி குடுப்பாங்களா?”

“வழி சரின்னா குடுப்பாங்க.”

“நெசமாவா மாஸ்டர்? எங்க தோட்டத்துல தராசு என்ன காட்டுதோ அதான். மழயில பறிச்சியா, சரிவுல பறிச்சியான்னு யாரு கேக்குறா?”

சிலேட்டை வாங்கி என் மேசைக்குள் பூட்டினேன். அப்பாவின் கடையில் அளவு வெட்டுகிற பழுப்புக் கடதாசி சுருள் சுருளாக இருந்தது. அதில் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு கணக்குக்கு ஒரு முழுப் பக்கம், ஒரு வரியும் மனதுக்குள் போகக்கூடாது என்பது கட்டளை. நானும் ஒரு சிவப்புப் பென்சில் வாங்கி, அந்த யாழ்ப்பாணத்து மனிதர் மாதிரியே வரிவரியாகப் புள்ளி போட்டேன். மாறிலியை விட்டால் கத்துவேன். ஒருநாள் நான் கத்திய கத்தில் ஞானம்மா திடுக்கிட்டு எழுந்துவிட்டார்.

“ஏன் தம்பி புள்ளய இப்பிடி வையிறீங்க?”

“ஒரு எழுத்த விட்டுட்டாங்கம்மா.”

“ஒரு எழுத்துக்கா இம்புட்டுச் சத்தம்? எங்க கங்காணி தேவல போலருக்கே!”

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வருடத்தில் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

பரீட்சை நெருங்கியபோது அவருடைய தாளைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது. வழி படிபடியாக இறங்கும், உயர்வு என்று காட்டாமல் ஒரு கணக்கையும் முடிக்கமாட்டார். நான் படிப்பித்த ஆண்பிள்ளைகள் ஒருவனுக்கும் அந்தச் சுத்தம் வரவில்லை. கண்டியில் பரீட்சை மண்டபம். ஞானம்மாவும் மகளும் கொட்டகலையில் ரயில் ஏறிப் போனார்கள், முடித்து வந்தார்கள். எனக்குப் பாடசாலை வேலை. ஞானம்மா கடைவீதியில் வைத்துத்தான் செய்தி சொன்னார்: “எல்லாக் கணக்கயும் போட்டுட்டாளாம் தம்பி. ஒண்ணு விடலியாம்.” எனக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த விடுமுறையில் மறுபடியும் நுவரெலியா, மறுபடியும் நீலப் பென்சில். ஒருநாள் காலையில், என் மேசைக்கு நேரெதிரே இருந்த பரீட்சகர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பிரதம பரீட்சகரைக் கூப்பிட்டார்.

“சேர், இதைப் பாருங்கோ. முதல் கேள்வியளுக்கு வழி நல்ல வடிவாய் இருக்கு. கடைசி ரெண்டுக்கும் விடை மட்டும். ரெண்டும் சரி. வழி ஒண்டும் இல்லை.”

“அப்ப பக்கத்திலை பாத்திருக்கிறான். களவெண்டு எழுதும்,” என்றார் அவர், பென்சிலைச் சீவிக்கொண்டே.

களவு என்று எழுதினால் அது மேலே போகும். ஒரு பாடம் மட்டும் போகாது, முழுப் பரீட்சையும் போகும், இனி எழுத விடமாட்டார்கள். ஆசிரியர் வேலை பார்க்கிற ஆளென்றால் அந்த வேலையும் போகும். யாரோ ஒரு பாவி என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தாள் என் பக்கம் விரிந்து கிடந்தது. ஏழு எல்லாவற்றுக்கும் நடுவில் குறுக்குக் கோடு. மடத்துக் கன்னியாஸ்திரீகள் பழக்கிய ஏழு. கிட்டத்தட்ட ஒரு வருடம் நான் புள்ளி போட்ட கை. டீச்சருடைய கையெழுத்து.

தாளின் அடிப்பாதி வேறு மாதிரி இருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அழித்து அழித்து அந்த இடம் பஞ்சு பிடித்திருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

“சேர், அது களவில்ல. பென்சிலால செஞ்சு அழிச்சிருக்கு. வெளிச்சத்துல பாருங்க.”

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. “நீர் ஏன் கதிரையை விட்டு எழும்பினனீர்?” என்று கேட்டார் பிரதம பரீட்சகர். கோபமில்லை, தகவலுக்காகக் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஆனாலும் தாளைக் கையில் எடுத்தார், ஜன்னலுக்குப் போனார். வெளியே மூடுபனி. கண்ணாடிக்கு அப்பால் சைப்பிரஸ் மரம்கூடத் தெரியவில்லை. “வெய்யில் வரட்டும்,” என்று சொல்லி, தாளை ஜன்னலோரத்தில் வைத்து அதன்மேல் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் வைத்துவிட்டுப் போனார். எல்லாரும் வேலையைத் தொடங்கினார்கள். எனக்கு இரண்டும் மூன்றும் எத்தனை என்று மறந்துபோனது.

வெயில் வந்தது. அவர் என்னையும் கூப்பிட்டார். தாளைச் சரித்துப் பிடித்தார். பென்சில் அழுத்திய தடம் ஒவ்வொன்றாக மேலே வந்தது. மேல்மூடி இல்லாத உருளைப் பாத்திரம், தகரத்தின் அளவு மாறாது, எப்போது ஆகக் கூடக் கொள்ளும் என்பது கேள்வி. உயரமும் ஆரையும் சமமாக இருக்கும்போது என்று மையால் எழுதிய ஒரே வரி விடை. அதற்குக் கீழே, அடுத்த கணக்கின் விடைக்கு அடியில் புதைந்து, முழு வழியும் கிடந்தது. அவர் வாய்க்குள் வாசித்துக்கொண்டே வந்தார். “அமைச்சிருக்கிறான்... வகையிட்டிருக்கிறான்... பூச்சியம்... இரண்டாம் முறையும் வகையிட்டு உயர்வெண்டும் காட்டியிருக்கிறான்.” கண்ணாடியைக் கழற்றினார். “நல்ல பெடியன்,” என்றார்.

பெடியன்! பையனாம்! அவர் மேசைக்குப் போய், களவு என்று எழுதியிருந்ததைத் தன் கையால் வெட்டிக் கையொப்பம் வைத்தார். எனக்கு உயிர் வந்தது. பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடைக்கு உரிய புள்ளியை மட்டும் போட்டார். கொசுறு.

“சேர், வழி இருக்குதே.”

“இருந்தது. அழிச்சுப் போட்டான்.”

“நீங்களே இப்ப வாசிச்சீங்களே சேர்.”

“ஓம், வாசிச்சனான். வெய்யில் வந்தபடியால் வாசிச்சனான். இதே மாதிரி அழிச்ச வேறை ஒரு பிள்ளையின்ரை தாள் கொழும்பிலை ஒரு இருட்டு மூலையிலை கிடக்கும். அதுக்கு ஆர் வெய்யில் பிடிக்கிறது? வெய்யிலுக்கு ஒரு புள்ளி, மழைக்கு ஒரு புள்ளியோ? அழிச்சால் அழிச்சதுதான். விளங்குதோ?”

விளங்கியது. விளங்காமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மனிதர் அயோக்கியனாக, ஓரவஞ்சனைக்காரனாக இருந்திருந்தால் நான் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இத்தனை வருடமாகத் தேடுகிறேன், ஒரு பதில் கிடைக்கவில்லை, ஆத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

“இது ஆரின்ரை தாளெண்டு உமக்குத் தெரியுமோ?” என்று கேட்டார்.

நான் நின்றிருந்தது எங்கள் மேசையோரம். பக்கத்தில் இருந்த மற்றக் கூட்டல்காரர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். தெரியாது என்று சொல் என்று அர்த்தம். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“தெரியும் சேர்.”

“அப்ப அந்த நீலப் பென்சிலை மேசையிலை வையும்,” என்றார்.

வைத்தேன். அன்றைக்கே பஸ் ஏறினேன். அதன் பிறகு எனக்கு அழைப்பே வந்ததில்லை, பரீட்சகராகவும் இல்லை, கூட்டுவதற்கும் இல்லை. அப்பா தைத்த கோட்டை என் தம்பி போட்டுக் கிழித்தான். அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் கூட்டிப் பழகிய தலை சும்மா இருக்குமா? ஓரத்துப் புள்ளிகளை எல்லாம் கண் பார்த்து வைத்திருந்தது. பஸ் தலவாக்கலை வருவதற்குள் தலை கூட்டி முடித்துவிட்டது. அந்த இரண்டு கணக்கில் ஒன்றுக்கு வழிப் புள்ளி கிடைத்திருந்தாலும் டீச்சர் பல்கலைக்கழகத்துக்குத் தேறியிருப்பார்.

முடிவு வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வந்தது, நான் கூட்டியதுபோலவே வந்தது. மறுநாள் அவருடைய பாடசாலைக்கு மலையேறிப் போனேன். ஆறுதல் சொல்லப் போகவில்லை. சண்டை பிடிக்கத்தான் போனேன். ஒரு வருடம் கத்திக் கத்திச் சொல்லியும் கடைசியில் புத்தி சிலேட்டுக்குத்தானே போயிற்று என்று எனக்குக் கோபம்.

ஐந்து வகுப்பும் ஒரே மண்டபத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சர் வெளியே வந்தார். கண் வீங்கியிருந்தது. நான் அதையும் கணக்கில் எடுக்கவில்லை.

“ஏன் டீச்சர் அழிச்சீங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. “எடம் பத்தல மாஸ்டர்,” என்றார். “நீங்க சொன்ன மாதிரி எல்லாப் படியும் எழுதுனேனா, குடுத்த தாள் முடிஞ்சிருச்சி. இன்னும் ரெண்டு கணக்கு இருந்திச்சி. அதனால பென்சில்ல போட்டு, வெடய எடுத்துக்கிட்டு, அழிச்சிட்டு அதே எடத்துல அடுத்தத போட்டேன். பென்சில் செல்லாதுன்னு அதயும் அழிச்சிட்டேன்.”

“தாள் முடிஞ்சா கேட்டு வாங்குறதுதானே? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். கை தூக்குறதுக்கு என்ன வெக்கமா?”

“வெக்கமில்ல மாஸ்டர்.” அவர் என்னை நேராகப் பார்த்தார். “மேலதிகமா ஒவ்வொரு தாளுக்கும் எத்தன புள்ளி புடிப்பாங்கன்னு தெரியலியே. அதான் வாங்கல.”

எனக்கு விளங்கவில்லை. “என்ன புடிப்பாங்க?”

“முன்பக்கத்துலயே ஒரு கட்டம் போட்டிருந்திச்சே, மேலதிகமா வாங்குன தாள் எத்தனன்னு எழுதச் சொல்லி? பக்கத்துல இருந்த பையன் தாள் வாங்குனான். கோட்டுப் போட்ட ஐயா அவன் நம்பர எழுதிக்கிட்டுத்தான் குடுத்தாரு. எழுதிக்கிட்டுக் குடுத்தா அது கழிக்கத்தானே மாஸ்டர்? எங்களுக்கு அரிசி குடுத்தாலும் எழுதிக்கிட்டுத்தான் குடுப்பாங்க, கம்பளி குடுத்தாலும் எழுதிக்கிட்டுத்தான் குடுப்பாங்க. அப்புறம் சம்பளத்துல புடிச்சிருவாங்க. இங்க புள்ளியில புடிப்பாங்கன்னு நெனச்சேன். ஒரு தாளுக்கு அஞ்சு புடிச்சா என்னா பண்றது, பத்து புடிச்சா என்னா பண்றதுன்னு ஒக்காந்து கணக்குப் பாத்தேன். அழிச்சு எழுதுறதுதான் லாபம்னு பட்டுச்சி.”

நான் அந்த வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். புள்ளி எப்படி விழும் என்று ஒரு வருடம் படிப்பித்தவன் நான். தாள் இனாம் என்பதையும் ஒரு பாடமாக நடத்த வேண்டும் என்று எந்த ஆசிரியனுக்குத் தோன்றும்? தையற்காரன் மகனுக்குத் தோன்றாது. கொடுப்பதையெல்லாம் எழுதிக்கொண்டு கொடுத்து, எழுதியதையெல்லாம் பிடித்துக்கொண்டு, மூன்று தலைமுறையாக ஒரு சனத்தை அப்படிப் பழக்கி வைத்தவர்கள் நன்றாக இருப்பார்களா? இருந்தார்கள், நன்றாகத்தான் இருந்தார்கள்.

“அது தாள் தொலஞ்சு போகக்கூடாதுன்னு எழுதுறது டீச்சர்,” என்றேன். “கழிக்கிறதுக்கில்ல. தாள் இனாம்.”

“இனாமா?”

“ஆமா.”

“எத்தன வேணும்னாலுமா?”

“எத்தன வேணும்னாலும்.”

 அவர் சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே வாய்ப்பாடு நின்றது. டீச்சர் சிரிப்பதைக் கண்டு முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு ஐந்து வகுப்பும் சிரித்தது. சிரித்து முடிந்தபோது அவருடைய முகம் நனைந்திருந்தது.

“மாஸ்டர், இத எங்கம்மாவுக்கு மட்டும் சொல்லிராதீங்க.”

“ஏன்?”

“கண்டியில மண்டபத்து வாசல் வரைக்கும் அம்மா கூடவே வந்துச்சி. உள்ள போறப்ப கையப் புடிச்சிச் சொல்லிச்சி, ‘குடுத்தத வச்சி ஒப்பேத்திக்க தாயி, கேட்டு வாங்காத, அப்புறமா புடிச்சிக்குவாங்க’ன்னு.”

அடுத்த வருடம் எழுதுங்கள் என்றேன், எழுதுவதாகச் சொன்னார். அந்த மழைக்காலத்தில் அவருடைய அப்பாவுக்கு ஸ்டோரில் உருளை இயந்திரத்தில் கை அகப்பட்டது. மனிதர் வீட்டோடு ஆனார். பிறகு சனிக்கிழமை வகுப்பு ஏது? இரண்டு வருடம் இழுத்துப் பார்த்துவிட்டு, தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குப் போவதென்று எழுதிக் கொடுத்தார்கள். கிடைத்த இடம் திருச்சிப் பக்கம், அங்கே அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது.

வழியனுப்பக் கொட்டகலை ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மேடை முழுக்கத் தகரப் பெட்டியும் மூட்டையும் அழுகையும். டீச்சர் அப்பாவை ரயில் பெட்டிக்குள் ஏற்றி உட்கார வைத்துவிட்டு ஜன்னலோரமாக நின்றார். ஞானம்மா என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினார்.

“இந்தத் தம்பி எம் மவளுக்கு உசிரக் குடுத்துச் சொல்லிக் குடுத்துச்சி. நானுந்தேன் கூடவே போயி எல்லாப் புத்தியும் சொல்லித்தேன் உள்ள அனுப்புனேன். பாவி மவ, கடேசியில ஒரே ஒரு கணக்க தப்பா போட்டுப்புட்டா. இல்லாட்டி எங்க தலையெழுத்தே வேற. அப்பிடித்தானே தம்பி?”

ஜன்னலில் டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்கம்மா,” என்றேன். “ஒரே ஒரு கணக்குத்தான் தப்பு.”